வாசகர் கேள்வி-பதில்: ஆப்பிரிக்காவில் பைக் ஓட்டப் போகிறவர்களுக்கு

நைரோபியில் கிளம்பி தான்சானியா, ஜாம்பியா வழியாக போட்ஸ்வானா வரை ஒரு 150 சிசி பைக்கில் போய்த் திரும்பிய கதையை இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். போக வரக் கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கெய்ரோவில் ஆரம்பித்து கேப் டவுன் வரை முழு ஆப்பிரிக்காவையும் ஒரே பயணத்தில் ஓட்டிவிட வேண்டும் என்பது என் கனவு. என்னுடைய பைக்கையே கப்பலில் அனுப்பிவிடலாமா?
– வாசகர், திருச்சி

கனவை விடாதீர்கள், ஆனால் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எகிப்திலிருந்து தெற்கே வர வேண்டுமென்றால் சூடானைத் தாண்டியாக வேண்டும். அங்கே 2023 ஏப்ரலில் வெடித்த போர் அந்தப் பாதையைத் துண்டித்துவிட்டது. ஒரு காலத்தில் அஸ்வானில் படகு ஏறி வாடி ஹல்ஃபாவில் இறங்கி, நைல் ஓரமாகவே கார்ட்டூம் வரை வந்தவர்கள் எத்தனையோ பேர், அந்த மக்களின் விருந்தோம்பலைப் பற்றி அவர்கள் சொல்லிக் கேட்டால் மனசு கனக்கும். எத்தியோப்பியாவின் வடக்கிலும் நிலைமை சரியில்லை. வீட்டில் காத்திருக்கும் ஆட்களை நினைத்துக்கொண்டு, நைரோபிக்குத் தெற்கே மட்டும் திட்டம் போடுங்கள். அங்கேயே பார்த்து முடிக்க ஒரு ஜென்மம் போதாது.

சொந்த பைக் விஷயம். அனுப்பலாம், ஆனால் 'கார்னே' என்ற சுங்க ஆவணம் வேண்டியிருக்கும். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு எல்லையிலும் உள்ளே வரும்போது ஒரு முத்திரை, வெளியே போகும்போது ஒரு முத்திரை. வண்டியை அந்த நாட்டிலேயே விற்றுவிட மாட்டோம் என்பதற்கு வண்டியின் மதிப்பைப் பொறுத்து வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். மும்பையில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதைக் கொடுக்கிறது. உத்தரவாதம், கப்பல் கூலி, துறைமுகத்தில் வண்டியை எடுக்க அலையும் நாட்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். முதல் பயணத்துக்கு இவ்வளவு பாரம் தேவையே இல்லை. நைரோபி, அருஷா, விந்தோக், கேப் டவுன் எல்லா இடத்திலும் வாடகைக்கு பைக் கிடைக்கும். எல்லை தாண்டுவதாக இருந்தால் வண்டிச் சொந்தக்காரரிடம் அனுமதிக் கடிதம் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு நைரோபியில் இருக்கும் நண்பர் வண்டி தந்தார், அவர் கையெழுத்துப் போட்டுத் தந்த அந்த ஒற்றைத் தாளை நான் பாஸ்போர்ட்டை விடப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆப்பிரிக்கா என்றால் 1000 சிசிக்கு மேல் பெரிய பைக் வேண்டும் என்கிறார்கள். நீங்கள் 150 சிசியில் எப்படிப் போனீர்கள்?
– வாசகர், திண்டுக்கல். இதே கேள்வி இன்னும் பதினோரு பேரிடமிருந்து

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கென்யாவிலும் உகாண்டாவிலும் பைக் டாக்ஸிக்கு 'போடா போடா' என்று பெயர். நம் காதுக்கு யாரோ விரட்டுகிற மாதிரி கேட்கும், ஆனால் அது 'பார்டர் டு பார்டர்' என்பதிலிருந்து வந்தது. கென்யா-உகாண்டா எல்லையில் புசியா என்று ஓர் ஊர், அங்கே ஒரு சோதனைச் சாவடியிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டவர்கள் கூவிய கூவல் அது. அப்புறம் சைக்கிள் போய் பைக் வந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நைஜீரியாவில் இதையே ஒகாடா என்கிறார்கள், பெனினில் செமிஜான். எல்லையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, பஸ் போகாத கிராமத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று பாதிக் கண்டம் இந்தச் சின்ன பைக்குகளின் முதுகில்தான் நகர்கிறது. அதில் பெரும்பங்கு நம் ஊர் வண்டிகள். பஜாஜ் பாக்ஸரையும் டி.வி.எஸ். எச்.எல்.எக்ஸையும் நீங்கள் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பார்க்கலாம். ஓசூரில் பெரிய தொழிற்சாலை வைத்திருக்கிற அதே டி.வி.எஸ்.தான். நீளமான சீட், பின்னால் இரும்பு கேரியர், அதில் நாலு மூட்டை கரியோ ஒரு கட்டிலோ, சில சமயம் ஒரு முழுக் குடும்பமோ.

இதனால் என்ன ஆகிறதென்றால், எந்தக் குக்கிராமத்திலும் ஒரு 'ஃபுண்டி' இருக்கிறார். சுவாஹிலியில் கைவேலை தெரிந்தவர் என்று அர்த்தம். தச்சரும் ஃபுண்டிதான், தையற்காரரும் ஃபுண்டிதான், பிக்கிபிக்கிக்கு, அதாவது பைக்குக்கு, தனி ஃபுண்டி.

தான்சானியாவில் மகம்பாகோ ஊருக்குள் நுழையும்போது என் கிளட்ச் கேபிள் அறுந்தது. லீவர் பக்கத்தில் இருக்கும் ஈயக் குண்டு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு மாமரத்தடிக்குப் போனேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு பையன். கையில் மூன்று ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஒரு கட்டிங் பிளேயர், அவ்வளவுதான் பட்டறை. புதுக் கேபிள் வாங்கிவரத் தன் தம்பியை அனுப்பினார், கடை மூடியிருந்தது. சரி என்று அவர் என்ன செய்தார் தெரியுமா, அறுந்த கேபிளின் நுனிக் கம்பிகளைப் பிரித்துப் பூ மாதிரி விரித்தார், பழைய பேட்டரியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஈயத் துண்டை ஒரு குழிக்கரண்டியில் போட்டுக் கரி அடுப்பில் உருக்கினார், ஒரு மரக்கட்டையில் ஏற்கனவே துளைத்து வைத்திருந்த பள்ளத்தில் கேபிள் நுனியை நிறுத்தி ஈயத்தை ஊற்றினார். ஆறியதும் அரத்தால் நாலு தேய்ப்பு, லீவரில் மாட்டி இரண்டு முறை அழுத்திப் பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். அந்த ஈயக் குண்டோடுதான் நான் நைரோபி திரும்பினேன், பிறகு வாங்கிய புதுக் கேபிள் கடைசி வரை பையிலேயே கிடந்தது.

என்னோடு வந்த இன்னொரு நண்பர் 1200 சிசி வண்டியில் வந்தார். எம்பேயாவில் அவருடைய பெட்ரோல் பம்ப் போனது. அதே மாதிரி ஃபுண்டிகள் நாலு பேர் வந்து பார்த்தார்கள், சீட்டைக் கழற்றினார்கள், வயர்களைப் பார்த்தார்கள், மன்னிப்புக் கேட்கிற குரலில் 'போலே' என்று சொல்லிவிட்டு மூடினார்கள். பாகம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வர ஒன்பது நாள் ஆனது. நல்ல வண்டிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது கெட்டால் சரிசெய்ய ஆள் வேறு நாட்டில் இருக்கிறார், என் வண்டிக்கு ஆள் அடுத்த மரத்தடியில் இருந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும், விழுந்தால் 130 கிலோ வண்டியைத் தனியாக நிமிர்த்தலாம், பெட்டியும் சாமானுமாக 280 கிலோவைச் சுடுமணலில் தனியாக நிமிர்த்திப் பாருங்கள் தெரியும்.

சிங்கம், யானை எல்லாம் குறுக்கே வருமா? பைக்கில் சஃபாரி போக முடியுமா?
– வாசகி, ஈரோடு

சஃபாரி முடியாது. நமீபியாவின் எட்டோஷா பூங்காவுக்குள் பைக்குக்கு அனுமதியே இல்லை, பெரும்பாலான பூங்காக்களில் அப்படித்தான். அதற்குக் காரில் போய்க்கொள்ளுங்கள். ஆனால் பூங்காவை அறுத்துக்கொண்டு போகும் நெடுஞ்சாலைகள் உண்டு. தான்சானியாவில் மிகுமி தேசியப் பூங்கா வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் அந்த மாதிரிப் போகலாம். எந்த மிருகத்தை அடித்தால் எவ்வளவு அபராதம் என்று அங்கே போர்டே வைத்திருக்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கி தலைக்கு மேலே நின்று குனிந்து பார்க்கும்போது நடுவில் கண்ணாடியும் கதவும் இல்லாமல் இருப்பது ஓர் அனுபவம், எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

யானை என்றால் போட்ஸ்வானாவில் நாட்டாவிலிருந்து கசானே போகிற 300 கிலோமீட்டர் சாலை. மசினகுடி பக்கம் ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதே ஒழுக்கம்தான்: தூரத்திலேயே நிறுத்து, எஞ்சினை ஓட விடு, ஹாரன் அடிக்காதே, குட்டிக்கும் தாய்க்கும் நடுவே போகவே போகாதே. ஆனால் உண்மையான ஆபத்து யானை இல்லை. கழுதையும் மாடும் ஆடும்தான். இருட்டினதும் அவை தார்ச் சாலைக்கு வந்து படுத்துக்கொள்ளும், தார் சூடாக இருக்கிறதல்லவா. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டியை நிறுத்திவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

செட்ஸி ஈ பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ஓடுகிற வண்டியைத் துரத்தி வந்து சட்டைக்கு மேலேயே கடிக்கும். நீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறங்கள், அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே நீலத் துணியில்தான் தைப்பார்கள். காக்கி, சாம்பல் நிற ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு 29 வயது. நானும் என் தோழியும் மட்டும் போகலாம் என்று இருக்கிறோம். 'ரெண்டு பொண்ணுங்க தனியாவா' என்று வீட்டில் ஒரே சண்டை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– வாசகி, கோவை

அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து இதை வாசித்துக் காட்டுங்கள். 1934 டிசம்பர் 11ஆம் தேதி தெரசா வாலக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன் என்று இரண்டு இளம் பெண்கள் லண்டனிலிருந்து கேப் டவுனுக்குக் கிளம்பினார்கள். 600 சிசி பேந்தர் பைக், பக்கத்தில் ஒரு சைடுகார், அதற்குப் பின்னால் ஒரு டிரெய்லர். திசைகாட்டிகூட இல்லாமல் சஹாராவுக்குள் இறங்கினார்கள். மணலில் புதைந்தால் டிரெய்லரைக் கழற்று, சைடுகாரைத் தள்ளு, மறுபடி மாட்டு. நடுவில் எஞ்சினே போய்விட்டது, அகடெஸ் ஊரில் புது எஞ்சின் வருகிறவரை காத்துக் கிடந்து அதை மாட்டிக்கொண்டு மேலே போனார்கள். 1935 ஜூலை 29 அன்று கேப் டவுன். அன்றைக்குப் பாதி வழியில் சாலையே கிடையாது. வாலக் அப்புறம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் தபால் கொண்டுபோகும் பைக் வீராங்கனையாக இருந்தார், பிறகு அமெரிக்காவுக்குப் போய் மற்றவர்களுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பள்ளியே நடத்தினார்.

அவர்கள் துணிச்சலால் மட்டும் போய்ச் சேரவில்லை. இருவருக்கும் எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரியும். நீங்கள் இருவரும் போங்கள், தாராளமாகப் போங்கள். போகும் முன் பஞ்சர் ஒட்டவும் செயின் இறுக்கவும் பிளக் மாற்றவும் உள்ளூர்ப் பட்டறையில் நாலு சனிக்கிழமை உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். நகரங்களில் ராத்திரி வெளியே சுற்றாதீர்கள், அது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். தங்கும் இடத்தில் வண்டியை உள்ளே விடக் கேட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு ஒரு போன்.

நமீபியாவில் சரளைச் சாலையில் பலர் விழுகிறார்களாமே?
– வாசகர், ஓசூர்

நானும் விழுந்தேன், அது வேறொரு பயணத்தில். வால்விஸ் பேயிலிருந்து சாலிடேருக்குப் போகும் சி14 சாலையில், காலை பத்து மணிக்கு, எதிரே ஒரு வண்டிகூட இல்லாத நேரத்தில். சாலை கெட்டியாகத்தான் இருந்தது, ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் திடீரென்று முப்பது அடிக்கு மாவு மாதிரி மணல். முன்சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது, பயத்தில் முன் பிரேக்கைத் தொட்டேன், அந்த நொடியே தரையில் கிடந்தேன். முழங்கை சிராய்ப்போடு போனது, ஜாக்கெட் காப்பாற்றியது.

மணல் வந்தால் செய்ய வேண்டியது நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. எழுந்து நில்லுங்கள், உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து அது ஆடுகிறபடி ஆட விடுங்கள், ஆக்ஸிலரேட்டரைக் குறைக்காமல் லேசாகக் கூட்டுங்கள், பார்வை சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்கட்டும். நீண்ட மணல் என்றால் டயரில் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், தார் வந்ததும் திரும்ப அடித்துக்கொள்ள ஒரு சின்ன கைப் பம்ப் இருக்கட்டும்.

இன்னொரு தொல்லை, தகர ஓடு மாதிரி வரிவரியாக இருக்கும் சாலை. காய்ந்த மண்ணில் வேகமாகப் போகும் சக்கரம் சின்ன மேட்டில் துள்ளிக் குதித்து விழும் இடத்தில் ஒரு பள்ளம், அதற்கடுத்து ஒரு மேடு என்று வண்டிகளே அதை உண்டாக்குகின்றன. மெதுவாகப் போனால் பல் உதிரும், 70 கிலோமீட்டர் தொட்டால் சக்கரம் மேடுகளின் உச்சியில் மட்டும் பட்டு மிதக்கிற மாதிரி இருக்கும். ஆனால் அப்போது பிரேக் பிடிமானமும் பாதிதான், வளைவில் ஜாக்கிரதை. கென்யாவின் வடக்கே இசியோலோவிலிருந்து மொயாலே வரை 500 கிலோமீட்டர் சாலை ஒரு காலத்தில் இப்படித்தான் கிடந்தது, ஷாக் அப்சார்பர் உடையாமல் வந்தவர்கள் குறைவு. இப்போது அது முழுக்கத் தார்.

மழைக்காலத்தில் போகலாமா? டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது.
– வாசகர், கோவில்பட்டி

உங்கள் ஊர்க்காரருக்கு ஒரு வார்த்தையில் சொல்லலாம்: கரிசல். கென்யாவிலும் தான்சானியாவிலும் நிறைய இடத்தில் அதே மண்தான், அங்கேயும் அதைப் 'பருத்தி மண்' என்றே சொல்கிறார்கள். நனைந்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே சுற்றாது, உங்களுக்குத் தெரியாததா. மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழை. ஜூன் முதல் அக்டோபர் வரை போங்கள். ஆனால் குளிருக்குத் துணி வேண்டும், இரிங்கா, எம்பேயா எல்லாம் மேட்டுப் பகுதி, காலையில் விரல் விறைத்துப்போகும்.

தடுப்பூசி கட்டாயமா?
– வாசகி, மதுரை

மஞ்சள் காய்ச்சல் ஊசி, கென்யா, உகாண்டா பக்கம் போகிறவர்களுக்குக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்பு போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் அந்த மஞ்சள் அட்டை ஆயுளுக்கும் செல்லும். அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். மலேரியாவுக்குத் தடுப்பூசியை நம்பாமல் மாத்திரை, எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று டாக்டரிடம் கேளுங்கள். கொசுவலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

கென்யாவிலிருந்து தெற்கே தென்னாப்பிரிக்கா வரை நம்மைப் போல இடதுதான். ருவாண்டாவும் எத்தியோப்பியாவும் வலது, எல்லை தாண்டிய முதல் ரவுண்டானாவில் நிதானம் வேண்டும். தான்சானியாவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் 50 கிலோமீட்டர் வரம்பு, வெள்ளை உடுப்பு போலீஸ் ராடாரோடு மர நிழலில் நிற்பார்கள், அபராதம் 30,000 ஷில்லிங், ரசீது கேட்டு வாங்குங்கள்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்திதான் பெயர். அதோடு மஹராக்வே, அதாவது வெந்த பீன்ஸ், எந்தச் சாலையோரக் கடையிலும் கிடைக்கும். மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி நம் களிக்கு ஒன்றுவிட்ட தம்பி, சுகுமா விக்கி என்ற கீரையோடு சாப்பிட்டுவிட்டு மத்தியானம் முழுக்க ஓட்டலாம். உகாண்டா போனால் முட்டை சாப்பிடுவீர்களா என்று கேட்பேன், சாப்பிடுவீர்கள் என்றால் ஆம்லெட்டைச் சப்பாத்தியில் சுருட்டித் தரும் 'ரோலெக்ஸ்' விடாதீர்கள்.

தென்னாப்பிரிக்கா வரை போனால் டர்பனில் இரண்டு நாள் தங்குங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளோடு வந்து நின்ற துறைமுகம் அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் அங்கே முருகனுக்குக் காவடி எடுக்கிறார்கள். ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பை ஊற்றித் தரும் பன்னி சௌ அங்கேதான் பிறந்தது, பீன்ஸ் போட்டுக் கேட்டால் சுத்த சைவம். சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து மேற்கே ஹிமெவில் வரை ஓட்டி, மறுநாள் காலை வெயில் ஏறின பிறகு சானி கணவாயில் ஏறுங்கள். 2,876 மீட்டர் உச்சியில் லெசோதோ எல்லைச் சாவடி, கம்பளி போர்த்திய ஆட்கள் குதிரையில் வருவார்கள். தென்னாப்பிரிக்கச் சாவடி அடிவாரத்திலேயே இருக்கிறது, பாஸ்போர்ட்டில் முத்திரையை அங்கேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.